ஜிம்மிக்குப் பக்கத்து இடம்

முதுகின் அடியில், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, எனக்கு ஒரு வலி உண்டு. மான்செஸ்டரில் சாக்கடைச் சுரங்கம் தோண்டப் போன காலத்தில் வாங்கி வந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில் மூச்சு வாங்க நிமிர்ந்தபோது, அது இடது காலுக்குள் இறங்கிக் குதிகாலில் போய் உட்கார்ந்துகொண்டது. குழி அப்போது என் இடுப்பளவு. பிப்ரவரி மாதம். கடலிலிருந்து நேராக வந்த காற்று, வியர்த்த சட்டையைப் பிடித்து முதுகில் அறைந்தது.

"என்ன டொமினிக், உள்ளேயே படுத்துக்கற யோசனையா?" என்றான் மேலே நின்ற ஃபெஸ்டி. "முன்னாடியே சொல்லிடு. ஆஸ்டிக்கு வேற இடம் பாக்கணும்."

"வாயால வேலை செய்யாதே. மண்ணைத் தள்ளு."

"தள்ளிட்டுத்தான் இருக்கேன். நீ வெட்டற வேகத்துக்கு எனக்குத் தூக்கம் வருது."

ஆஸ்டி டோஹர் செத்தது சனிக்கிழமை. கன்றுக்குட்டிக்குப் பால் வைக்கத் தொழுவத்துக்குப் போனவர், வாளியைக் கொட்டாமல் கீழே வைத்துவிட்டு, வைக்கோலில் சாய்ந்து போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். தங்கை சபீனாவோடு இருந்தவர். அயர்லாந்தில் எங்கள் இந்தத் தீபகற்பத்தில் அவர் கை படாத குழி கிடையாது. இங்கே செத்தவர் வீட்டு ரத்தம் மண்வெட்டியைத் தொடாது. அக்கம்பக்கம்தான் தோண்ட வேண்டும். கூலி கிடையாது. என் வீட்டுக்கு நீ வந்தாய், உன் வீட்டுக்கு நான் வருகிறேன், அவ்வளவுதான். என் அப்பா செத்தபோது நான் மான்செஸ்டரில் தரைக்கு அடியில் இருந்தேன். செய்தி வந்து, கப்பல் பிடித்து, பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது குழி வெட்டி முடித்து, பக்கங்களைச் சுவர் மாதிரி செதுக்கி, விளிம்பில் உட்கார்ந்து பைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஆஸ்டி. "உங்கப்பன் அகலமான ஆளு, தோளுக்குக் கொஞ்சம் சேத்து வெட்டிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆகவே ஆஸ்டியின் குழிக்கு யாரும் எங்களை அழைக்கவில்லை. நாங்களே வந்து நின்றோம். நான், ஃபெஸ்டி பேரட், கிழவர் மாலகி. மாலகி மாவட்டத்தின் ரோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பார்வை கொஞ்சம் மங்கல். வாய் மங்கவில்லை.

எங்கள் பக்கம் திங்கட்கிழமை புதுக்குழி திறக்க மாட்டோம். திங்களன்று அடக்கம் என்றால், ஞாயிறு சாயங்காலமே யாராவது போய் ஒரே ஒரு புல்கட்டியைப் பெயர்த்துப் புரட்டி வைத்துவிட்டு வர வேண்டும். அப்புறம் அது ஞாயிற்றுக்கிழமைக் குழி. திங்களன்று எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டலாம். வழக்கமாக அதற்குப் போவது மாலகிதான். அந்த ஞாயிறு அவருடைய மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தவர், ஃபெஸ்டியைப் பார்த்து, "கடல்பக்கச் சுவத்துல இருந்து ரெண்டாவது கல்லுக்கு அந்தப் பக்கம், அதுதான் டோஹர் இடம். போய் ஒரு கட்டியைத் திருப்பிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

ஃபெஸ்டி போனான், திருப்பினான், வந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. மதியம் ஊர்க் கால்பந்து ஆட்டம் முடிந்து மதுக்கடையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போயிருந்தான்.

திங்கள் காலை நாங்கள் வந்தபோது புரட்டிய கட்டி எங்கே இருந்ததோ அங்கே மண்வெட்டியை வைத்தோம். புரட்டின இடத்தை யாரும் இரண்டாம் தடவை சோதிப்பதில்லை. ராஜா போட்ட உத்தரவு மாதிரி அது. மாலகி கன்றைக் கவனித்துவிட்டுத் தாமதமாக வந்து, சுவரோரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து எங்கள் வேலையைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

டோஹர் இடம் என்றால் பாறை. ஆஸ்டியே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வெட்டியபோது கடப்பாரை இரண்டாக முறிந்ததாம். அவர் அண்ணனுக்கு வெட்டியபோது, கோவிலில் பூசை முடிந்து பெட்டி வந்து வாசலில் நிற்க, இங்கே பாறை இன்னும் பாதி நிற்க, பங்குச் சாமியார் அங்கிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரும் ஒரு கை சம்மட்டி போட்டாராம். அதனால் நாங்கள் இரண்டு கடப்பாரை, ஒரு சம்மட்டி, இரண்டு பிக்காசு எல்லாவற்றையும் ஃபெஸ்டியின் வேனில் போட்டு ஏற்றி வந்திருந்தோம். ஒன்றையும் வேனிலிருந்து இறக்க வேண்டிய தேவை வரவில்லை. மண் கேக் மாதிரி வந்தது. கறுப்பாக, ஈரமாக, கல் இல்லாமல்.

"பாத்தியா," என்றான் ஃபெஸ்டி. "ஆஸ்டி மேல போனதும் முதல் வேலையா பாறையை நகத்திட்டார்."

"உயிரோட இருந்தப்ப ஒரு வண்டியைக்கூட நகத்தாத மனுஷன்," என்றேன் நான்.

இரண்டு பேரும் சிரித்தோம். மாலகி சிரிக்கவில்லை. பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"எங்கடா பாறை?"

"இல்ல. தப்பிச்சோம்."

"பாறை எங்கேயும் போகாது. எங்கேன்னு கேக்கறேன்."

எழுந்து வந்தார். குழியைச் சுற்றி நடந்தார். சுவர் வரை போய், அங்கிருந்து காலால் புல்லைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார். ஓரிடத்தில் நின்று குதிகாலால் உதைத்தார். புல்லுக்குள் முழுக்க அமுங்கிப்போன ஒரு கல் இருந்தது. அதுதான் ஃபெஸ்டி எண்ணாமல் விட்ட முதல் கல். அதற்கு அடுத்ததுதான் இரண்டாவது. நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தது மூன்றாவது கல்லுக்கு அப்பால்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். என் கையிலிருந்த மண்வாரியை வாங்கி, பக்கச் சுவரில் மெதுவாகச் சுரண்டினார். பலகையின் நுனி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டி, எச்சிலைத் தொட்டுத் துடைத்தார்.

"ஓக் பலகை," என்றார்.

எங்கள் கோவில் பங்கில் ஓக் பெட்டியில் போனவர் ஒருத்தர்தான். ஜிம்மி கார்வி. பாஸ்டனிலிருந்து அவர் அண்ணன் வந்து, வீம்புக்காக வாங்கிய பெட்டி. மேலே வைக்கப் பளிங்குக் கல் ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கல் இன்னும் அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை. அதனால் ஜிம்மிக்கும் மற்றவர்களைப் போல வயலில் கிடந்த கல்தான்.

ஜிம்மியின் ஒரு பக்கம் டோஹர் மண். மறுபக்கம், நாங்கள் நின்றுகொண்டிருந்த பக்கம், அவர் பெண்டாட்டி வின்னிக்கு என்று ஒதுக்கிய இடம். வின்னி கார்வி அன்று உயிரோடு, ஆரோக்கியமாக, ஆஸ்டி வீட்டு அடுக்களையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கல்லும் ஒரே மாதிரி இருந்துச்சு," என்றான் ஃபெஸ்டி. முகம் வெளுத்துப் போயிருந்தது. "மழை வேற."

"ரெண்டு கல்லாத் தெரிஞ்சுதா, நாலு கல்லாத் தெரிஞ்சுதா?" என்றார் மாலகி.

"மூடிட்டு அந்தப் பக்கம் ஆரம்பிப்போமா?"

அது முடியாது. பகல் பூசை முடிந்ததும் பெட்டி வந்துவிடும். அந்தப் பாறையோ பொழுது சாயும்வரை அடித்தாலும் இளகாது. அது ஒரு பக்கம். இன்னொன்று, திறந்த குழியை வெறுமனே மூடுவது எங்கள் பக்கம் செய்கிற காரியம் இல்லை. எந்த வீட்டு மண்ணில் குழி திறந்ததோ, அந்த வீட்டிலிருந்து ஒருத்தரை அது கேட்கும் என்பார்கள். இதை நீ நம்புகிறாயா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மான்செஸ்டரில் எத்தனை குழியைத் திறந்து மூடியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தக் குழிக்குள் நின்றுகொண்டு 'மூடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்வி வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டு பேர். வின்னியும் அவர் மகன் ரோரியும். ரோரி சின்னப் படகில் தனியாக நண்டுக் கூண்டு போடப் போகிறவன்.

"போய்ச் சொல்லுங்க," என்றார் மாலகி. "அவகிட்ட கேக்காம இதுல எதுவும் செய்யக் கூடாது. நான் இங்கே உக்காந்திருக்கேன். திறந்த குழியைத் தனியா விட முடியாது."

மண்வெட்டியையும் மண்வாரியையும் குழியின் மேல் குறுக்காகச் சிலுவை மாதிரி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

"நான் வேன்லயே இருக்கேன்," என்றான் ஃபெஸ்டி. "என்னைப் பாத்தா வெட்டிடுவா."

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். என்னை வெட்டக் கூடாதில்ல."

ஆஸ்டி வீட்டுக்குப் போகிற சந்து முழுக்க டிராக்டரும் காரும். உள்ளே அடுக்களையில் தேநீர் ஆவியும் புகையிலைப் புகையும். சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளறையில் ஆஸ்டி பழுப்பு அங்கியில், விரல்களில் ஜெபமாலை சுற்றி, யாரோ ஒரு நல்ல ஜோக் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பவர் போலக் கிடந்தார். வின்னி மேஜை முன்னால் நின்று பன்றிக்கறியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். குள்ளமான பெண்மணி, கைகள் மட்டும் ஆம்பிளைக் கைகள். வாழ்நாள் முழுக்கக் கடற்பாசி இழுத்த கைகள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார் எங்களைப் பார்த்ததும். "டோஹர் பாறை என்ன வெண்ணெயாப் போச்சா? இல்ல குடிக்க வந்தீங்களா?"

"வின்னி, கொஞ்சம் வெளியில வரீங்களா? ஒரு விஷயம்."

"கல்யாணம் பேசப் போறியா? எனக்கு எழுபத்தெட்டு ஆகுது டொமினிக். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

அடுக்களை முழுக்கச் சிரித்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கைத்துண்டோடு பின்னால் வந்தார்.

கொல்லையில், அடுப்பெரிக்கும் மண்கட்டிகளை அடுக்கியிருந்த குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஜிம்மிக்கு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். உங்க பக்கம்."

"எவ்வளவு ஆழம் போயிட்டீங்க?"

"கிட்டத்தட்ட முழுசா."

"பெட்டியை இடிச்சீங்களா?"

"இல்ல. நுனிதான் தெரிஞ்சுது. மாலகி தொடச்சுப் பாத்தார், அவ்வளவுதான்."

"எப்படி இருக்கு?"

"புதுசு மாதிரி இருக்கு."

"அந்த பாஸ்டன்காரன் பீத்திக்கிட்டது நிஜம்தான் போல," என்றார். பிறகு ஃபெஸ்டியின் பக்கம் திரும்பிக் கைத்துண்டை ஓங்கி அவன் காதோடு வீசினார். ஈரத் துண்டு. நல்ல சத்தம் கேட்டது.

"கழுதை! எண்ணத் தெரியாதா உனக்கு? ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"தெரியும் வின்னி."

"உங்கம்மா உன்னை ஸ்கூலுக்கு அனுப்பினது எதுக்குடா? மதியச் சோத்துக்கா?"

அவன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் மண்கட்டிக் குவியலில் சாய்ந்துகொண்டார். கோபம் போனதும் முகம் சின்னதாகிவிட்டது.

"ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சதும் அங்கே போய் நிப்பேன்," என்றார். "புல்லு புடுங்குவேன். பாக்கறவங்க ஜிம்மிக்காக ஜெபம் பண்றேன்னு நினைப்பாங்க. நான் ஜிம்மியைப் பாக்கவே மாட்டேன். என் இடத்தைத்தான் பாப்பேன். தண்ணி நிக்குதா, வெயில் விழுதா, முயல் வளை தோண்டிருக்கான்னு. மண்ணு நல்ல மண்ணு. கையில எடுத்துப் பாத்திருக்கேன்."

"நீங்க மூடச் சொன்னா மூடிடறோம்," என்றேன். "ஆஸ்டியை ஒரு நாள் கோவில்ல வெச்சிருந்து நாளைக்கு அந்தப் பக்கம் வெட்டிப் புதைக்கலாம். சாமியார்கிட்ட நான் பேசறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சந்துக்குக் கீழே கடல் தெரிந்தது. துறையில் ரோரியின் படகு கட்டிக் கிடந்தது. அடக்கத்துக்காக அன்று அவன் போகவில்லை. மறுநாள் போவான். மறுநாளைக்கு மறுநாளும் போவான்.

அப்போதுதான் ஃபெஸ்டிக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டினா," என்றான், "ஆஸ்டியை அடியில வெச்சுட்டு, மேல உங்களுக்கு இடம் விடலாம். ரெண்டு பேரும்..."

"என்னடா சொன்னே?"

"இல்ல, மேல கீழ..."

"எழுபத்தெட்டு வயசு வரைக்கும் ஒருத்தனோட மானமா வாழ்ந்துட்டு, கடைசில என்னை ஆஸ்டி டோஹர் மேல படுக்கச் சொல்றியா? பக்கத்துல புருஷன் பாத்துட்டு கிடக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வின்னிக்கும் வந்துவிட்டது. மண்கட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு சிரித்தார். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று பிரிக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு சபீனா வெளியே வந்தார். அண்ணன் பிணம் உள்ளே கிடக்கிறது. இரண்டு ராத்திரியாகக் கண் மூடாத பெண்மணி. "என்ன கூத்து இங்கே?" என்றார். இனி மறைக்க முடியாது. வின்னியே சொன்னார், ஃபெஸ்டியின் பெயரை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவையாகச் சேர்த்து. சபீனா கவிழ்த்துப் போட்டிருந்த பால் வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா பக்கத்துல போகணும்னு ஒண்ணும் அவன் கேக்கல," என்றார். "அந்தப் பாறையைப் பத்தித்தான் புலம்புவான். 'நான் போறப்ப எந்தப் பையன் இடுப்பு ஒடியப் போகுதோ, என்னைத் திட்டிக்கிட்டே புதைப்பானுங்க'ன்னு சொல்லிட்டே இருப்பான். வின்னி, உன் மண்ணு. நீ சொல்றதுதான். மூடச் சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல."

"மூட மாட்டேன்," என்றார் வின்னி.

"வின்னி..."

"ரோரி இதையெல்லாம் நம்பமாட்டான். கேட்டா சிரிப்பான். ஆனா படகுல ஒரு காலை வெச்சு ஏறும்போது ஞாபகம் வரும். அந்த ஒரு நொடி ஞாபகம் வந்தாப் போதும், கால் வழுக்க. மூடக் கூடாது. ஆஸ்டி போகட்டும் அதுல." துண்டை மடித்தார். "ரோரிகிட்ட நானே குடுத்தேன்னு சொல்லிக்கறேன். யாரும் யாருக்கும் தப்பா வெட்டல. புரியுதா ஃபெஸ்டி? உன் வாய்ல இருந்து வந்துச்சு, இன்னொரு காதையும் சேத்துப் பிச்சுடுவேன்."

சபீனா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஐயோ, ஜிம்மியும் ஆஸ்டியும் பேசிக்கவே மாட்டாங்களே!" என்றார்.

அது உண்மை. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், ஊர்க் கூடத்தில் வாத்து பந்தயம் வைத்துச் சீட்டு ஆடியபோது, ஜிம்மியும் ஆஸ்டியும் ஒரே ஜோடி. ஆஸ்டி கையில் துருப்பு ஐந்து இருந்தது. அதைவிடப் பெரிய சீட்டு கிடையாது. அதைப் போடாமல், கதை சொல்லிக்கொண்டே வேறு எதையோ போட்டார். வாத்து எதிர்ஜோடிக்குப் போனது. அன்று முதல் ஜிம்மி அவரோடு பேசியதில்லை. ஆஸ்டி பேசாமல் இருந்ததில்லை. ஜிம்மி பதில் சொன்னதில்லை.

"ஒண்ணும் மாறப் போறதில்ல," என்றார் வின்னி. "இவன் பேசட்டும். அவர் கேட்டுட்டே கிடக்கட்டும்."

"அப்போ நீ எங்க போவே?" என்றார் சபீனா. கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "ஜிம்மிக்கு அந்தப் பக்கம் இருக்கறது எங்க மண்ணு. எடுத்துக்கோ. நான் அம்மா காலடில போய்க்கறேன், எனக்கு அது போதும்."

"அங்கதானே பாறை?"

"அங்கதான்."

வின்னி மெதுவாகத் தலையைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தார். சந்தையில் மாட்டின் காலைப் பார்ப்பது மாதிரி, முழங்காலிலிருந்து தோள் வரை பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார். "இதுங்க உடைக்கும்."

திரும்பிப் போனபோது மாலகி குழியின் விளிம்பில் உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். சுற்றும் முற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. ஜிம்மியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாராம். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மிச்சத்தை வெட்டினோம். ஆஸ்டி என் அப்பாவுக்குச் செய்த மாதிரியே பக்கங்களைச் செதுக்கினோம். ஓக் பலகையின் நுனியை மண் குழைத்து அப்பி மறைத்தோம், ரோரியின் கண்ணில் படாமல் இருக்க.

மணி அடித்தது. பூசை முடிந்து பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். சாமியார் ஜெபம் சொல்லத் தொடங்குமுன் ரோரி அம்மாவின் காதருகே குனிந்தான். காற்று அவன் குரலை எல்லோரிடமும் கொண்டு போனது.

"அம்மா, அது உன் இடமாச்சே."

"ஆமா. ஆஸ்டிக்குக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"குடுக்கணும்னு தோணுச்சு. நல்ல மனுஷன்."

சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தொப்பிகள் பக்கத்துத் தொப்பிகளை நோக்கிச் சாய்ந்தன. ஐரிஷில் ஜெபமாலை தொடங்கியது. மறுமொழி சொன்ன பாதி வாய்கள் வேறு எதையோ முணுமுணுத்தன. கயிறு போட்டு ஆஸ்டியை இறக்கினோம். மண் தள்ளினோம். மேலே பழைய புல்கட்டிகளையே திருப்பி அடுக்கி, மண்வாரியின் முதுகால் தட்டிச் சமப்படுத்தினோம். ஃபெஸ்டி புரட்டிய முதல் கட்டியை அவனே கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தான்.

'நல்ல மனுஷன்' என்ற அந்த ஒரு வார்த்தையை ஊர் எடுத்துக்கொண்டு வசந்தம் முழுக்க நெய்தது. வின்னிக்கும் ஆஸ்டிக்கும் அந்தக் காலத்தில் ஏதோ இருந்ததாம். துருப்பு ஐந்து கதையே வேறாம். ஜிம்மி பேசாமல் இருந்தது வாத்துக்காக இல்லையாம். மதுக்கடையில் என் முன்னாலேயே ஒருத்தன் சொன்னான், 'மத்தவன் பக்கத்துல படுக்க வெக்கப்பட்டுத்தான் புருஷனுக்கு அந்தப் பக்கம் போறாளாம்' என்று. உண்மையைச் சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம். சொன்னால் ரோரியின் காதுக்குப் போகும். பீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஃபெஸ்டி அன்று அவனோடு சண்டைக்குப் போனான், எதற்கு என்று யாருக்கும் சொல்லாமல்.

வின்னியிடம் இந்தப் பேச்செல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் எங்களை நிறுத்தினார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"விடு," என்றார். "எழுபத்தெட்டு வயசுல என்னைப் பத்தி இப்படிப் பேசறாங்கன்னா, நான் பாக்க மோசமா இல்லைன்னுதான் அர்த்தம். அதை விடு. பாறை விஷயம் பேசணும்."

மூன்று பேரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

"வெடி வெக்கக் கூடாது. ஜிம்மி பெட்டி ஆடும். கையாலதான் உடைக்கணும். மேலாகச் செதுக்கிட்டு 'இவ்வளவுதான் போச்சு'ன்னு சொல்றது கூடாது, முழு ஆழம் வேணும். முதல் அடி ஃபெஸ்டி அடிக்கணும். திங்கட்கிழமை அடக்கம் வர மாதிரி நான் சாக மாட்டேன், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்."

"இப்பவே கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு வெச்சுடவா?" என்றான் ஃபெஸ்டி. "நேரம் கிடைக்கறப்ப வந்து..."

"என்னை இப்பவே அனுப்பப் பாக்கறியா?"

"இல்ல, இல்ல."

"நான் வந்ததும் ஆரம்பிச்சாப் போதும். காத்துட்டிருப்பேன். எனக்கு வேற வேலை இருக்காது."

இதெல்லாம் நடந்தது அயர்லாந்து முதன்முறையாகக் கால்பந்து உலகக் கோப்பைக்கு இத்தாலி போன வருஷம்; இப்போது சில வருஷம் ஆகிவிட்டது. மாலகி இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டார். அவரை நல்ல மண்ணில்தான் வெட்டி வைத்தோம். போவதற்கு முன் பாறையில் அவருடைய பங்கு வேலையை மருமகனிடம் எங்கள் முன்னாலேயே ஒப்படைத்தார். ரோரிக்குக் கல்யாணமாகிப் பெரிய படகு வாங்கிவிட்டான், இப்போது கூட ஒருத்தனை ஏற்றிக்கொண்டு போகிறான். வின்னி இன்னும் ஞாயிறுதோறும் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறார். இப்போது இடது பக்கம் நின்று, கைத்தடியால் புல்லைக் குத்தி, பாறை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறார்.

வின்னி கார்விக்கு நாங்கள் ஒரு குழி தர வேண்டியிருக்கிறது. ஜிம்மியின் இடது பக்கம், பாறையில், ஆள் நீளம், முழு ஆழம், கையால் உடைத்தது. இன்னும் கொடுக்கவில்லை.